அரைக் குளிசை

சீலா கொண்டுவந்த கோப்பு, பணிப்பாளர் அருளம்பலத்தின் மேசையில் அமர்வதற்கு முன் மூன்று தடவை மேசையைத் தட்டியது. மேலே கிடந்த கடிதம் நழுவிப் போய் அவருடைய சப்பாத்தடியில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது அவளுடைய பேனையும் கூடவே விழுந்தது.

"ஆறுதலா, ஆறுதலா," என்றார் அருளம்பலம்.

அவர் கடிதத்தைப் பார்க்கவில்லை. சீலாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமாக அவர் பார்ப்பது அந்தக் கையைத்தான். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்பது சீலாவுக்கு நன்றாகத் தெரியும். இந்த நடுங்கியை எவன் வேலைக்கு எடுத்தான் என்று அர்த்தம்.

"பிரதம இலிகிதர் இராசதுரையர் மார்கழியோட பென்சன் எடுக்கிறார், தெரியும்தானே?"

"ஓம் சேர்."

"அவற்ற இடத்துக்குப் பதில் பிரதம இலிகிதரா ஒரு ஆள் போட வேணும். மனசில ஒரு ஆள் கிடக்கு. கிறிஸ்மஸ் ஒளி விழா முடிய அறிவிப்பம்." சற்று நிறுத்தி, "விழாவில நன்றியுரை நீங்கள்தான்," என்றார்.

"சேர், நானோ? ஜெயந்தன் நல்லாக் கதைப்பார் சேர்..."

"அவன் கதைக்கிறது எனக்குத் தெரியும். நீங்கள்தான் செய்யிறியள்."

சீலாவுக்கு விளங்கிவிட்டது. இது நன்றியுரை இல்லை, பரீட்சை. மேடையில் நடுங்காமல் நின்றால் பதவி அவளுக்கு. நடுங்கினால் கூட வேலை செய்கிற ஜெயந்தனுக்கு.

கரையோரக் களஞ்சியங்கள் திணைக்களத்தின் பிராந்தியக் கந்தோர் திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறது. கரையோரத்தில் இப்போது களஞ்சியம் என்று ஒன்றும் இல்லை. இருந்த இரண்டில் ஒன்றைக் கடல் கொண்டுபோயிற்று, மற்றதைக் கறையான் கொண்டுபோயிற்று. திணைக்களத்தை மட்டும் எதனாலும் அசைக்க முடியவில்லை. பத்தொன்பது பேர் ஒவ்வொரு நாளும் வந்து, இல்லாத களஞ்சியங்களைப் பற்றி வருகிற கடிதங்களுக்குப் பொறுப்போடு பதில் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

வந்ததற்குச் சாட்சியாகக் கையொப்பம் வைக்க வேண்டும். விரல் அடையாள இயந்திரம் ஒன்று கொழும்பிலிருந்து வந்ததுதான். உப்புக் காற்று அதை மூன்று மாதத்தில் தின்று முடித்தது. அதன் பிறகு அருளம்பலம் வரவுப் பதிவேட்டைத் தன் மேசைக்கே கொண்டுபோய்விட்டார். ஒவ்வொருவரும் அவர் முன்னால் நின்று, அவர் பார்க்கப் பார்க்கக் கையொப்பமிட வேண்டும். ஜெயந்தன் அவரோடு கிரிக்கெட் கதைத்துக்கொண்டே கிறுக்கிவிட்டுப் போவான். மற்றவர்கள் கொட்டாவியோடு வைப்பார்கள். சீலாவுக்கு மட்டும் நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வியர்க்கும், பேனை தன்பாட்டில் ஆடும். ஒன்பது வருடமாக அந்தப் பதிவேட்டில் அவளுடைய பெயர் மட்டும் அலையடித்துக்கொண்டிருந்தது.

எழுத்தர்களுக்குத் தலைவரான பிரதம இலிகிதருக்குத் தனி அறை உண்டு. அறைக்குக் கதவு உண்டு. கதவைச் சாத்தலாம். சீலாவுக்கு அந்தப் பதவியில் வேறு எந்த ஆசையும் இல்லை, அந்தக் கதவு கிடைத்தால் போதும். ஒருவரும் பார்க்காத இடத்தில் இருந்து வேலை செய்வதற்கு, முதலில் விழாவுக்கு வருகிற இருநூறு பேர் பார்க்க மேடையில் ஏற வேண்டும் என்பது அரசாங்க ஏற்பாடு.

அன்புவழிபுரத்து வீட்டில், அவளுடைய கணவன் ஜக்சன் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். படகு எஞ்சின் திருத்துகிறவன். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் எஞ்சினாகவே பார்ப்பவன்.

"நடுங்கினா நடுங்கட்டும். எஞ்சினும்தான் நடுங்குது, ஓடேல்லையோ?"

"போன வருஷம் வாணி விழாவில ஒரு அறிவித்தல் வாசிச்சனான், ஞாபகமிருக்கோ? என்ட கையில தாள் ஆடின சத்தம் மைக்கில கேட்டது. ஜெயந்தன் அதை வீடியோ எடுத்து கந்தோர் வட்ஸ்அப்பில போட்டவன். கீழ 'இன்று பலத்த காற்று வீசும்' எண்டு எழுதி."

ஜக்சன் சிரிப்பை அடக்கத் தேங்காயை உற்றுப் பார்த்தான். தேங்காய் உதவவில்லை. சிரித்துவிட்டான்.

சீலா சிரிக்கவில்லை, அழுதாள். அந்த வீடியோவை அவள் நாற்பது தடவையாவது பார்த்திருப்பாள்.

ஜக்சனின் சிரிப்பு நின்றுபோனது. கையைக் கழுவிவிட்டு வந்து, "வெளிக்கிடும், டொக்டரிட்டப் போவம்," என்றான்.

டொக்டர் றுஷ்தா அதிகம் கதைக்காதவர்.

"நெஞ்சு அடிக்குதோ?"

"ஓம் டொக்டர்."

"கை நடுங்குதோ?"

"ஓம்."

"எப்ப?"

"ஆக்கள் பார்க்கேக்க."

"பார்க்காட்டி?"

"பார்க்காட்டி நான் நல்ல மனிசி டொக்டர்."

டொக்டர் நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார், இழுப்பு வருத்தம் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு ஒரு துண்டில் எழுதினார்.

"புரொப்ரனலோல். அரைக் குளிசை, ஆக்களுக்கு முன்னால போறதுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி. தேவையெண்டா அண்டைக்கே மற்றப் பாதி. அதுக்கு மேல வேண்டாம். முதல் வீட்டில ஒருக்காப் போட்டுப் பாருங்கோ. ஒண்டு விளங்கிக்கொள்ளுங்கோ, இது பயத்தை எடுக்கிற மருந்தில்லை. பயம் உடம்புக்குச் செய்யிற வேலையை மட்டும் நிப்பாட்டும். மனசு தன்பாட்டில பயந்துகொண்டுதான் இருக்கும். அதுக்குக் கதைச்சுப் பழக வேணும், அடுத்த மாசம் வாங்கோ."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து ஒத்திகை பார்த்தார்கள். ஜக்சன் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கதிரையில் சாய்ந்து, அருளம்பலத்தின் குரலில், "என்ன இது எழுத்து?" என்று உறுமினான். சீலா நிறைகோப்பைத் தேத்தண்ணியை நீட்டினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. கோப்பையும் சோசரும் ஒன்றோடொன்று பேசவேயில்லை. இருவரும் அந்தக் கோப்பையை வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை, அரைக் குளிசையோடு கந்தோருக்குப் போனாள். அருளம்பலம் பார்க்கப் பார்க்க, பதிவேட்டில் தன் பெயரை வைத்தாள். நேராக, தெளிவாக, பாடசாலைப் பிள்ளையின் உறுப்பெழுத்துப்போல வந்தது. மனம் உள்ளே கூக்குரல் போட்டது. கை அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

அருளம்பலம் மூக்குக்கண்ணாடியைப் போட்டார்.

"இது ஆர் வைச்ச கையெழுத்து?"

"நான்தான் சேர். இப்ப உங்களுக்கு முன்னாலதானே வைச்சனான்."

பக்கங்களைப் புரட்டினார். ஒன்பது வருடமாக ஒரே அலை. இன்று மட்டும் குளத்துத் தண்ணீர். அவளுடைய சொந்தக் கோப்பு வரவழைக்கப்பட்டது. நியமனக் கடிதம், சத்தியப் பிரமாணம், லீவுப் படிவங்கள், எல்லாவற்றிலும் அலை. திணைக்களம் அங்கீகரித்த கையொப்பம் நடுங்குகிற கையொப்பம். நடுங்காத இந்தப் புதிய பெண் யார் என்று திணைக்களத்துக்குத் தெரியாது.

"இன்னொருக்கா வையுங்கோ."

வைத்தாள்.

"இன்னொருக்கா."

மூன்றும் அச்சடித்ததுபோல நேராக இருந்தன. அருளம்பலத்தின் முகம் ஏனோ வாடியது.

"ஒரு விளக்கக் கடிதம் எழுதித் தாங்கோ."

கை நடுங்கினால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. நடுங்காவிட்டால்தான் கேட்கிறார்கள். குளிசையைப் பற்றி எழுதினால் மத்தியானத்துக்குள் அது மூதூர் வரை போய், அவளுக்கு மூளையில் ஏதோ என்று திரும்பி வரும். ஆகவே, 'தேகாரோக்கியம் முன்னேற்றமடைந்தமை காரணமாக எனது கையொப்பம் நேராக அமைந்துவிட்டது என்பதைத் தாழ்மையுடன் அறியத்தருகிறேன்' என்று எழுதி, கீழே கையொப்பம் வைத்தாள்.

கடிதம் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது. கடிதத்திலுள்ள கையொப்பமும் பொருந்தவில்லையாம்.

வேறு வழியில்லாமல் நடுங்கப் பார்த்தாள். போகச் சொல்லிக் கெஞ்சியும் இத்தனை வருடம் போகாத நடுக்கம், வா என்று கூப்பிட்டபோது வரவில்லை. இடக் கையால் வலக் கையைப் பிடித்து ஆட்டி ஆட்டி ஒரு கையொப்பம் போட்டாள். அருளம்பலம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது ஆரோ உங்கட கையெழுத்தைக் கள்ளமாப் போட்டமாதிரிக் கிடக்கு."

கடைசியில் இராசதுரை தலையிட்டு, புதிய மாதிரிக் கையொப்பம் ஒன்றை மூன்று பிரதிகளில் எடுத்துக் கோப்பில் போட்டு விவகாரத்தை முடித்தார். பென்சன் எடுக்கப் போகிறவர்களுக்கு எல்லாவற்றையும் முடித்துவைக்கும் பொறுமை இருக்கிறது.

வியாழக்கிழமை இன்னொன்று நடந்தது. கந்தோருக்குத் தேத்தண்ணி போடுகிறவர் மூதூர் உம்மு குல்சும். பணிப்பாளர் அறையில் கோப்பையை வைக்கிற நேரத்தில் காதில் விழுகிற எதையும் மறக்காத மனுஷி. அன்று அவருக்கு முழங்கால் நோ.

"புள்ள, சேருக்கு இதைக் கொஞ்சம் கொண்டுபோய்க் குடுங்க," என்று சீலாவிடம் தந்தார்.

முன்பென்றால் சீலா விறாந்தையில் வரும்போதே கோப்பை கிலுகிலுவென்று கட்டியம் கூறும். அருளம்பலம் எழும்பி, கண்ணைத் துடைத்து, கையில் ஒரு பேனையையும் எடுத்துவிடுவார். அன்று சத்தமே வரவில்லை. சீலா உள்ளே போனபோது பணிப்பாளர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உறங்கிக்கொண்டிருந்தார். மேசையில் சாய்த்து வைத்த போனில் நாடகம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

அவள் இரண்டடி தூரத்தில் நின்று காத்திருந்தாள். கண் விழித்தவர் துள்ளி எழும்பியதில் போன் குப்பைக் கூடைக்குள் விழுந்தது. கூடைக்குள்ளிருந்து யாரோ ஒரு மாமியார் அழுதார்.

"என்ன நீங்கள், சத்தமில்லாம வாறியள்?"

"இப்ப அப்பிடித்தான் சேர். சத்தம் வராது," என்றாள் சீலா, சற்றுப் பெருமையாக.

அருளம்பலம் அவளுடைய கையைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். திரும்பவும் கையைப் பார்த்தார். அதிசயித்துப் போனார் என்று சீலா எடுத்துக்கொண்டாள். அன்று வீட்டுக்குப் போய், "சேர் கவனிச்சிட்டார், ஜக்சன்," என்றாள்.

ஒளி விழா ஒன்பது மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. பிரதம விருந்தினர் கொழும்பிலிருந்து வருகிற ஒரு மேலதிகாரி. சீலா எட்டு மணிக்கு அரைக் குளிசை போட்டாள். ஒன்பதுக்கு மேலதிகாரி வரும் வழியில் ஹபரணையில் தேத்தண்ணி குடிப்பதாகச் செய்தி வந்தது. பத்துக்கும் அங்கேயே குடித்துக்கொண்டிருந்தார். சீலாவுக்குக் குளிசை கரைந்து போய்க்கொண்டிருப்பதுபோல இருந்தது. பத்தரைக்குக் குசினிக்குள் போய் மற்றப் பாதியையும் போட்டாள். பதினொரு மணிக்கு மேலதிகாரி வந்து மெழுகுதிரி ஏற்றினார்.

பணிப்பாளருக்குப் பொன்னாடை போர்த்த ஜெயந்தனைக் கூப்பிட்டார்கள். ஜெயந்தனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். லீவு கேட்டான், விழா முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள். வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு மேடையேறியவன், பொன்னாடையை ஒருதடவை அருளம்பலத்தின் தோளில் போட்டான், அது நழுவிக் காலில் விழுந்தது. எடுத்து இரண்டாந்தரம் போட்டான். பல் கிட்டிப் போயிருந்ததால், "சே... சேர்..." என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அருளம்பலம் அவன் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார்.

பாவம், இவன் கதை முடிந்தது என்று சீலா நினைத்தாள். ஒரு குளிசை கொடுப்போமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் கதவு ஒன்றுதானே இருக்கிறது? கைப்பையை மூடிவிட்டாள்.

அதன் பிறகு பணிப்பாளர் உரை. ஐந்து நிமிடம் என்று தொடங்கி ஐம்பத்திரண்டு நிமிடத்தில், யேசுபாலன் பிறந்த தொழுவமும் ஒருவகையில் களஞ்சியமே என்று நிறுவி முடித்தார். புரியாணி வாசம் மண்டபத்துக்குள் வந்து போய் வந்து போய்க்கொண்டிருந்தது.

"நன்றியுரை, திருமதி சீலா ஜக்சன்."

எழும்பினாள். உள்ளே மனம், "ஓடு, பின்கதவு திறந்துதான் கிடக்கு," என்று கத்தியது. கால் கேட்கவில்லை. அது பக்கத்து வீட்டுக்காரியின் காலைப்போல நிதானமாக மேடைப் படிகளில் ஏறியது. தாளை விரித்தாள். தாள் ஆடவில்லை. மைக்கில் எந்தக் காற்றும் வீசவில்லை. அந்த அமைதியைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கியது. தன் குரல் இப்படி இருக்கும் என்று முப்பத்தொன்பது வயதில்தான் முதல் முதலாகக் கேட்கிறாள்.

தாளை மடித்து வைத்துவிட்டு, சபையைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். கேக் வெட்டியவர்களுக்கு நன்றி சொன்னாள், கரோல் பாடியவர்களுக்குச் சொன்னாள், முழங்கால் நோவோடு இருநூறு பேருக்குத் தேத்தண்ணி போட்ட உம்மு குல்சுமுக்குச் சொன்னாள். பிறகு அருளம்பலத்தின் பக்கம் திரும்பி, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"எங்கள் பணிப்பாளர் அவர்கள் ஐந்து நிமிடம் பேசுவதாகச் சொன்னார். நேரம் பார்க்காமல் உழைக்கிறவர் அவர் என்பதை இன்று சபையோர் அனைவரும் நேரில் கண்டீர்கள்."

எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது. மண்டபம் மேலதிகாரியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு கொழும்பு மேலதிகாரி உரக்கச் சிரித்தார். மேலதிகாரி சிரித்தால் சிரிக்கலாம் என்பது சுற்றறிக்கை இல்லாமலே எல்லோருக்கும் தெரியும். மண்டபமே சிரித்தது. இராசதுரை கண்ணீர் வரச் சிரித்தார்.

அருளம்பலம் மூன்று தடவை கைதட்டினார். எண்ணி மூன்று.

"அருமையான பேச்சாளர்," என்றார் மேலதிகாரி, சாப்பாட்டுக்குப் போகும்போது. "அருளம்பலம், இப்பிடி ஒரு ஆளை நீங்கள் எப்பிடி இந்தக் கந்தோரில வைச்சிருக்கிறியள்?"

"ஓம் சேர், நானும் அதைத்தான் யோசிக்கிறன்," என்றார் அருளம்பலம்.

வீட்டுக்குப் போகிற வழியில், கடற்கரைப் புல்வெளியில் மேய்ந்த மான்கள்கூடத் தன்னைப் பார்த்து எழும்பி நின்றதாக சீலாவுக்குப் பட்டது. அன்று இரண்டு தடவை சாப்பிட்டாள். ஜக்சனிடம் அறைக் கதவுக்கு என்ன நிறத்தில் திரைச்சீலை போடலாம் என்று கேட்டாள்.

திங்கட்கிழமை காலை அறிவித்தல் பலகையில் கடிதம் தொங்கியது. பதில் பிரதம இலிகிதராகக் கடமையாற்ற திரு. ஜெயந்தன் சிபாரிசு செய்யப்பட்டுள்ளார்.

சீலா மூன்று தடவை வாசித்தாள். பெயர் மாறவில்லை.

ஜெயந்தனே தேடி வந்தான். அவனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"அக்கா, சத்தியமா நான் ஒண்டும் கேக்கேல்லை. அண்டைக்கு எனக்கு நூற்றிரண்டு காய்ச்சல். பொன்னாடை போட்டது கூட ஞாபகமில்லை. சேர் போன் எடுத்து, 'தம்பி, உன்னை நான் இவ்வளவு நாளும் பிழையா விளங்கி வைச்சிருந்திட்டன்' எண்டு சொல்றார்."

"பரவாயில்லை ஜெயந்தன். சந்தோசம்," என்றாள் சீலா. சந்தோசம் இல்லை. நெஞ்சுக்குள் யாரோ ஒரு கதவை அறைந்து சாத்தியதுபோல இருந்தது.

கந்தோர்க் குசினிக்குள் போய், மர வாங்கில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். உம்மு குல்சும் அடுப்பைத் தணித்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னத்துக்குப் புள்ள அழுகிறீங்க? அண்டைக்கு எவ்வளவு அழகாப் பேசினீங்க. என்ட பேரையும் சொன்னீங்களே."

"நான் எங்க பிழைவிட்டனான் ராத்தா? எல்லாம் சரியாத்தானே செய்தனான்? குளிசையும் நேரத்துக்குப் போட்டனான். ஒருவேளை கடைசியில கொஞ்சம் நடுங்கிப் போட்டனோ?"

"குளிசையோ? என்ன குளிசை?"

சீலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். டொக்டர் றுஷ்தா, அரை, மற்றப் பாதி, நேரான கையொப்பம், சத்தமில்லாத தேத்தண்ணிக் கோப்பை, எல்லாவற்றையும். "சேருக்கு முன்னால கை நடுங்கக் கூடாதெண்டுதான் ராத்தா," என்று முடித்தாள்.

உம்மு குல்சும் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே வாங்கில் இருந்துவிட்டார்.

"அடி என்ட புள்ள, நவம்பர் மாசமே உங்கட பேரிலதான் கடிதம் அடிச்சு மேசை லாச்சிக்குள்ள வெச்சிருந்தாரு அந்த மனிசன், 'இந்தக் கந்தோரில என்னைக் கண்டு நடுங்கிற ஒரே ஆள் சீலாதான்' எண்டு."